பாறை எல்லாருக்கும் பொது, கயிறு யாருக்கு?

பத்துமலை என்றதும் தமிழர்களின் நினைவுக்கு வருபவை 272 படிகளும், 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும்தான். அதே சுண்ணாம்புக் குன்றின் மற்றப் பக்கங்களில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுவோருக்காக 150க்கும் மேற்பட்ட தடங்கள் இருக்கின்றன என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அவற்றில் ஏறுவதற்காகவே வெளிநாட்டினர் விமானம் ஏறி வருகிறார்கள். ஆனால், ஆண்டு தவறாமல் தைப்பூசத்துக்குச் செல்லும் நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் அந்தப் பாறையைக் கையால் தொட்டிருப்பார்கள்?

துணிச்சல் இல்லாததால் அல்ல. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றிய இருவரும் நம்மவர்கள்: மு. மகேந்திரன், ந. மோகனதாஸ். எனவே, "மலையேறுவதெல்லாம் நமக்கு எதற்கு?" என்ற பேச்சுக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. பிறகும் இந்த விளையாட்டின் வாசலில் பலர் தயங்கி நிற்கிறார்கள். ஏழைகள், பெண்கள், குள்ளமானவர்கள், பருமனானவர்கள், உடற்குறையுள்ளோர், தனியாக வருபவர்கள் என அந்த வரிசை நீளமானது.

பாறை ஏறும் கூடங்களை நடத்துவோரிடம் கேட்டால், "நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே, கதவு திறந்துதானே இருக்கிறது?" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் தடுக்காமல் இருப்பது வேறு, வரவேற்பது வேறு. விருந்துக்கு வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, "உள்ளே வரவேண்டாம் என்று யார் சொன்னது?" என்று கேட்பவரை நல்ல விருந்தோம்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாறை ஏறும் விளையாட்டை எல்லாரும் வரவேற்கப்படும் இடமாக எப்படி மாற்றுவது என்பதே இங்கு அலசப்படும் கேள்வி.

முதலில், விளையாட்டைப் பற்றிச் சில வரிகள்

பாறை ஏறுதலில் பல வகைகள் உண்டு. நான்கைந்து மீட்டர் உயரச் சுவரில் கயிறு இல்லாமல், கீழே தடித்த மெத்தையை நம்பி ஏறுவது போல்டரிங். உயரமான சுவரில் கயிற்றை மேலே மாட்டிக்கொண்டே செல்வது லீட். 15 மீட்டர் சுவரில் இருவர் அருகருகே போட்டியிட்டு நொடிக்கணக்கில் ஓடி ஏறுவது வேகப் போட்டி. இவற்றோடு, புதியவர்கள் பழகுவதற்காகக் கயிற்றை முன்கூட்டியே உச்சியில் மாட்டி வைக்கும் முறையும் உண்டு.

கயிற்றைப் பயன்படுத்தும் வகைகளில் ஏறுபவர் மட்டும் முக்கியமல்லர். கீழே நின்று கயிறு பிடிப்பவர் அவரைவிட முக்கியமானவர். ஏறுபவர் கை நழுவினால் அவருடைய உயிர் கீழே இருப்பவரின் கையில். அதனால்தான் ஒருவர் ஏறத் தொடங்குமுன் இருவரும் மற்றவரின் முடிச்சையும் இடுப்புவாரையும் கொக்கியையும் சரிபார்ப்பது கட்டாயப் பழக்கமாக உள்ளது. ஒருவரையொருவர் நம்பாமல் இந்த விளையாட்டே இல்லை. நம்பிக்கையையே அடிப்படையாகக் கொண்ட விளையாட்டில் சிலர் மட்டும் அந்நியர்களாக உணர்வது முரண்பாடு அல்லவா?

2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டு பாரிஸில், ஆண்கள் வேகப் போட்டியில் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ 4.75 நொடியில் உச்சியைத் தொட்டுத் தங்கம் வென்றார். பூப்பந்து தவிர வேறொரு விளையாட்டில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. வேகப் போட்டியின் சுவரும் பிடிகளும் உலகெங்கும் ஒரே அமைப்பில் இருக்கும். ஜாவாவில் பயிற்சி செய்பவருக்கும் போலந்தில் பயிற்சி செய்பவருக்கும் தேர்வுத்தாள் ஒன்றே. வசதியான நாடுகள் மட்டும் வெல்லும் விளையாட்டாக இது இருக்கவேண்டியதில்லை என்பதற்கு நம் அண்டை நாடே சான்று.

முதல் தடை: பணம்

பாறைக்கு வாடகை இல்லை. ஆனால் கயிறு, இடுப்புவார், காலணி, கொக்கிகள் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கூடத்துக்குச் சென்றால் நுழைவுக் கட்டணம், காலணி வாடகை, இடுப்புவார் வாடகை, அறிமுக வகுப்புக் கட்டணம் என ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். இரண்டு பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தந்தை கட்டண முகப்பில் நின்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று திரும்பிவிடுவார். அந்த அடுத்த மாதம் பெரும்பாலும் வருவதில்லை. வளரும் பிள்ளைகளுக்குக் காலணியின் அளவும் ஆண்டுதோறும் மாறும்.

இதற்கு ஒரு வழியைக் காட்டிய கூடம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ளது. அந்நகரின் தென்பகுதியில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும், வருமானம் குறைந்த வட்டாரம் ஒன்றில் 2018ஆம் ஆண்டு மெம்பிஸ் ராக்ஸ் திறக்கப்பட்டது. இலாப நோக்கமற்ற அமைப்பு அது. கட்டணம் செலுத்த இயலாதவர் என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதை அது விதியாகவே வைத்தது. முடிந்தவர்கள் முழுக் கட்டணம் செலுத்தலாம். முடியாதவர்கள் தங்கள் சக்திக்கு ஏற்பச் செலுத்தலாம், அல்லது சில மணி நேரம் தொண்டூழியம் செய்யலாம்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இலவசம் என்றால் பெறுபவருக்குக் கூச்சம் வரும். உழைப்பைக் கொடுத்து உறுப்பியம் பெறும்போது அவர் தலைநிமிர்ந்து நடக்கிறார். பிடிகளைக் கழுவுவதும் சிறு பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தருவதும் கூடத்துக்கும் தேவைப்படும் வேலைகளே. அதைச் செய்பவர் இரவலர் அல்லர், உறுப்பினர்.

நம் வட்டாரத்திலும் இதற்கு ஒரு மரபு உண்டு. மலேசியாவின் லூமுட்டில் 1950களிலும் சிங்கப்பூரின் புலாவ் உபினில் 1967ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்ட அவுட்வர்ட் பவுண்ட் முகாம்கள், பல இனப் பிள்ளைகளை ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் நிற்க வைத்தன. பணக்கார வீட்டுப் பிள்ளையும் தோட்டப்புறப் பிள்ளையும் அங்கே ஒரே தலைக்கவசத்தைத்தான் அணிந்தார்கள். முகாம் முடிந்த பிறகு என்ன என்பதே கேள்வி. ஐந்து நாள் முகாமில் பிறந்த ஆர்வம் வீட்டுக்கு வந்ததும் கட்டணப் பட்டியலைப் பார்த்து அணைந்துவிடக்கூடாது. பள்ளிகள், சமூக மன்றங்கள், தமிழ் இளையர் அமைப்புகள் ஆகியவை கூடங்களோடு பேசி, கூட்டம் குறைந்த வேலைநாள் பிற்பகல்களில் குறைந்த கட்டணத்தில் நேரம் பெற முடியும். அந்நேரங்களில் கூடங்களும் வெறுமையாகத்தான் இருக்கின்றன.

தனியாக வருபவர் யாருடன் ஏறுவது?

கயிறு கட்டி ஏறுவதற்குத் துணை வேண்டும். நண்பர் கூட்டம் உள்ளவருக்கு அது சிக்கலே இல்லை. ஆனால் தன் குடும்பத்திலோ வேலையிடத்திலோ இந்த விளையாட்டை அறிந்தவர் ஒருவரும் இல்லாதவர் என்ன செய்வார்? கூடத்தில் ஏற்கெனவே குழு குழுவாக நிற்பவர்களிடம் சென்று, "எனக்குக் கயிறு பிடிப்பீர்களா?" என்று கேட்பதற்குப் பாறை ஏறுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

இதற்குத் தொழில்நுட்பம் தந்த தீர்வு தானியங்கிக் கயிறு. சுவரின் உச்சியில் பொருத்தப்பட்ட கருவி, ஏறும்போது கயிற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். கை விட்டால் மெதுவாகத் தரையில் இறக்கிவிடும். மனிதர் தரும் தீர்வு இன்னும் எளியது. வாரத்தில் ஒரு மாலையை, துணையின்றி வருபவர்களுக்கென ஒதுக்குவது. அன்று பயிற்றுவிப்பாளர் ஒருவர் வாசலில் நின்று வருபவரின் பெயரைக் கேட்டு, பொருத்தமான துணையோடு சேர்த்துவிடுவார். அமெரிக்காவில் பிரவுன் கேர்ள்ஸ் கிளைம்ப், பிரதர்ஸ் ஆஃப் கிளைம்பிங் ஆகிய இரு குழுக்களும் இதே தேவையிலிருந்து பிறந்தவைதான். தங்களைப் போன்ற தோற்றம் உடையவர்களைக் கூடங்களில் காணாதவர்கள் ஒன்றுகூடி அவற்றைத் தொடங்கினார்கள். 2017ஆம் ஆண்டில் இரு குழுக்களும் சேர்ந்து அலபாமா மாநிலத்தில் பல இனத்தவருக்கான பாறை ஏறும் விழா ஒன்றையும் நடத்தின.

தனிக் குழு அமைத்தால் பிரிவினை வளராதா என்று சிலர் கேட்கக்கூடும். நீச்சல் பழகும் பிள்ளை முதலில் ஆழம் குறைந்த குளத்தில் இறங்குவதில்லையா? தெம்பு வந்ததும் பெரிய குளத்துக்குப் போகும். தனிக் குழு அந்தச் சிறு குளம் போன்றது. பெரிய குளத்துக்குப் போகும் வழி அடைபடாமல் இருந்தால் போதும்.

உயரமும் எடையும்

செயற்கைச் சுவரில் பிடிகளை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்பவர் தடம் அமைப்பவர். அவர் ஆறடி உயரமுள்ள ஆணாக இருந்து, தம் கை எட்டும் தொலைவையே அளவாகக் கொண்டால் என்ன நேரும்? "சுலபம்" என்று எழுதப்பட்ட தடத்தில் ஐந்தடி உயரப் பெண் அடுத்த பிடி எட்டாமல் திணறுவார். கீழே இறங்கி, "எனக்குத் திறமை இல்லை" என்று தன்னையே நொந்துகொள்வார். உண்மையில் அவர் ஏறியது வேறொரு தடம். உயரமானவர் கையை நீட்டித் தொட்ட இடத்துக்கு அவர் தாவ வேண்டியிருந்தது.

குள்ளமாக இருப்பதே குறை என்று நினைப்போர் லின் ஹில்லை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் உள்ள எல் கேப்பிட்டன் பாறையில் 'நோஸ்' என்னும் புகழ்பெற்ற தடம் இருக்கிறது. கயிற்றையோ ஆணியையோ பிடித்துத் தூக்கிக்கொள்ளாமல், கைகால்களால் மட்டுமே அதை ஏறி முடிக்க முன்னணி ஆண்கள் பலர் முயன்று தோற்றனர். 1993ஆம் ஆண்டு அதை முதன்முதலில் செய்து காட்டியவர் லின் ஹில். அவர் உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர்தான். அடுத்த ஆண்டு அதே தடத்தை அவர் ஒரே நாளில் முடித்தார். மெல்லிய பிளவுகளில் அவருடைய சிறிய விரல்கள் நுழைந்தன. ஒவ்வோர் உடலுக்கும் அதற்குரிய வழி உண்டு என்பதே அதன் பாடம். இயற்கைப் பாறை பல வழிகளை விட்டு வைத்திருக்கிறது. மனிதர் கட்டும் சுவரிலும் அதை வேண்டுமென்றே செய்ய வேண்டும். பல உயரத்தினர், ஆண்களும் பெண்களும், புதிய தடத்தை ஏறிப் பார்த்த பிறகே அதைத் திறந்துவிட வேண்டும். தேவையான இடத்தில் கூடுதலாக ஒரு கால்பிடி வைத்தால் தடத்தின் தரம் கெட்டுவிடாது.

எடையைப் பற்றிப் பேசத் தயங்குவதாலும் பலர் வெளியேறிவிடுகிறார்கள். பருமனான ஒருவர் வந்ததும் எல்லார் முன்னிலையிலும் இடுப்புவார் போதவில்லை என்று உதட்டைப் பிதுக்கினால், அவர் மறுபடி அந்தப் பக்கம் வருவாரா? பெரிய அளவு இடுப்புவார்களை வாங்கி வைப்பது பெரிய செலவல்ல. தானியங்கிக் கயிற்றுக்குக் குறைந்த எடை, அதிக எடை என வரம்புகள் உண்டு. அவற்றைச் சுவரில் தெளிவாக எழுதி வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. ஏறுபவரைவிடக் கயிறு பிடிப்பவர் மிகவும் இலேசானவராக இருந்தால், ஏறுபவர் விழும்போது பிடிப்பவர் மேலே தூக்கப்படுவார். அதற்கெனக் கயிற்றின் உராய்வைக் கூட்டும் கருவிகள் உள்ளன. தரையில் நங்கூரம் போல் கட்டிக்கொள்ளும் முறையும் உள்ளது. இவற்றைக் கற்றுத்தருவது பாதுகாப்பு, மரியாதை இரண்டையும் சேர்த்தே காக்கும்.

மெட்டி, தாலி, முக்காடு

உடை விஷயத்தில் விளக்கம் குறைவாக இருப்பதே பல பெண்களின் தயக்கத்துக்குக் காரணம். பாறை ஏறும்போது விரல்களில் மோதிரம் இருக்கக்கூடாது. பிடியில் மோதிரம் சிக்கி உடல் கீழே இழுபட்டால் விரலே சிதைந்துவிடக்கூடும். பாறை ஏறும் காலணி விரல்களை இறுக்கிப் பிடிப்பதால் மெட்டியோடு அணிந்தால் வலி தாங்காது. காரணம் சொல்லாமல், "நகையைக் கழற்றுங்கள்" என்று மட்டும் சொன்னால், தாலியையும் சேர்த்துச் சொல்கிறார்களோ என்று புதிதாக வந்த பெண்மணி துணுக்குறுவார். சங்கிலி வெளியே தொங்கிக் கயிற்றிலோ கருவியிலோ சிக்காதவாறு, சட்டைக்குள் நன்கு செருகிப் பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது என்று விளக்கினால் அவர் நிம்மதியடைவார். விதி மாறவில்லை. அதைச் சொல்லும் முறையே மாறுகிறது.

முக்காடு அணியும் பெண்களுக்கும் இது பொருந்தும். இந்தோனேசிய வீராங்கனை அரியஸ் சுசாந்தி ரஹாயு 2019ஆம் ஆண்டு சீனாவின் சியாமென் நகரில் 15 மீட்டர் சுவரை 6.995 நொடியில் ஏறினார். ஏழு நொடிக்குள் ஏறிய முதல் பெண் அவர். முக்காடு அணிந்தே அவர் போட்டியிட்டார். அதன் நுனியை உள்ளே செருகிக்கொண்டால் போதும், அது ஏறுவதற்குத் தடையே அல்ல.

பெண்கள் முறையிடும் இன்னொரு விஷயம் கேளாத அறிவுரை. ஒரு பெண் சுவரின் முன் நின்று எந்தப் பிடியை முதலில் பிடிப்பது என்று யோசிப்பார். உடனே அறிமுகமில்லாத ஆண் ஒருவர் வந்து, "இடது காலை அங்கே வையுங்கள்" என்று வழிகாட்டத் தொடங்குவார். அவர் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் புதிரைத் தானே விடுவிப்பதில்தான் இந்த விளையாட்டின் இன்பமே இருக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்கியிருப்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று விடையைச் சொல்வது போன்றது அது. "யோசனை சொல்லலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசுவது எல்லாருக்கும் நல்லது. ஆபத்தைக் கண்டால் மட்டும் கேட்காமலேயே எச்சரிக்கலாம், எச்சரிக்க வேண்டும்.

கண் தெரியாதவர் எப்படி ஏறுவார்?

உடற்குறையுள்ளோர் பாறை ஏறுவதா என்று வியப்போர் இன்றும் இருக்கிறார்கள். அந்த வியப்புக்கு ஜப்பானியர் கோயிச்சிரோ கோபயாஷியின் வாழ்க்கை விடை தருகிறது. 16 வயதில் பாறை ஏறத் தொடங்கிய அவருக்கு 28 வயதில் விழித்திரை நோய் இருப்பது தெரியவந்தது. பார்வை படிப்படியாகப் போய்விடும் என்றனர் மருத்துவர்கள். அவர் ஏறுவதை நிறுத்தவில்லை. 2005ஆம் ஆண்டு 'மங்கி மேஜிக்' என்ற இலாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கி, பார்வையற்றவர்களுக்கு இந்த விளையாட்டைக் கற்பித்தார். உலக வெற்றியாளர் பட்டத்தையும் பலமுறை வென்றார்.

அவர் வகுத்த முறை மிகவும் எளியது. கீழே நிற்கும் வழிகாட்டி மூன்றே செய்திகளைச் சொல்ல வேண்டும்: திசை, தொலைவு, வடிவம். திசையைக் கடிகார முள் கணக்கில் சொல்வார்கள். "வலது கை, இரண்டு மணி, அருகில், கிண்ணம் போன்ற பிடி" என்றால் ஏறுபவரின் கை சரியான இடத்துக்குப் போகும். பேச்சு அதிகமானால் குழப்பம்தான் மிஞ்சும். பார்வையுள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஏறும் மாலைப்பொழுதுகளை அவருடைய அமைப்பு நடத்தியது. அங்கே உதவுபவர், உதவி பெறுபவர் என்ற வேறுபாடு சீக்கிரமே கரைந்துவிடும். கண் தெரியாதவர் கயிறு பிடிக்க, கண் தெரிந்தவர் ஏறுவதும் உண்டு. கயிறு இறுகுகிறதா, தளர்கிறதா என்பதைக் கையே சொல்லிவிடும்.

பிரிட்டனின் ஜெசி டஃப்டன் 2019ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடக்கே கடலிலிருந்து எழும் 137 மீட்டர் உயர 'ஓல்ட் மேன் ஆஃப் ஹோய்' பாறைத் தூணை முன்னணியில் ஏறி முடித்தார். அதைச் செய்த முதல் பார்வையற்றவர் அவர். கீழிருந்து வழி சொன்னவர் அப்போது அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்.

கால்கள் இயங்காதவர்களுக்கும் வழி உண்டு. ஒரு முறை, கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடிகருவியோடு கைக்கம்பு ஒன்றை இணைத்து, கைகளால் உடலை இழுத்து இழுத்து உயர்வது. கைவலிமை குறைந்தவர்களுக்குக் கப்பிகள் கை கொடுக்கும். பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த கணக்குத்தான் இது. மூன்றுக்கு ஒன்று என்ற கப்பி அமைப்பில் உடல் எடையின் மூன்றில் ஒரு பங்கு விசை போதும். அதற்கு ஈடாக மூன்று மடங்கு நீளக் கயிற்றை இழுக்க வேண்டும். உராய்வால் சற்றுக் கூடுதல் விசை தேவைப்படும், அவ்வளவுதான். மார்புவாரும் கூடுதல் மெத்தை கொண்ட இருக்கையும் சேர்ந்தால் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரும் உச்சியைத் தொடலாம்.

ஹாங்காங்கின் லாய் சி வாய் ஆசிய அளவில் நான்கு முறை வெற்றியாளராக இருந்தவர். 2011ஆம் ஆண்டு விபத்தில் அவருடைய இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. 2016ஆம் ஆண்டு சக்கர நாற்காலியோடு 495 மீட்டர் உயர சிங்கப்பாறையில் ஏறினார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில், நீனா டவர் கட்டடத்தின் வெளிப்புறத்தில் 10 மணி நேரத்துக்கும் மேலாகப் போராடி, 250 மீட்டருக்கும் அதிக உயரத்தைச் சக்கர நாற்காலியிலேயே எட்டினார். உச்சியை அடையாவிட்டாலும், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்காக அந்த முயற்சி பெருந்தொகை திரட்டித் தந்தது.

செயற்கைக் கால் கதையும் சுவையானது. அமெரிக்கரான ஹியூ ஹெர் 1982ஆம் ஆண்டு பனிப்புயலில் சிக்கி முழங்காலுக்குக் கீழே இரு கால்களையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 17. கடையில் கிடைத்த செயற்கைக் கால்கள் நடப்பதற்கு உதவின, ஏறுவதற்கு உதவவில்லை. எனவே மெல்லிய பிளவுகளில் நுழையும் பாதம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் என அவரே வடிவமைத்தார். விபத்துக்கு முன்பு முடியாத தடங்களிலும் ஏறினார். பின்னாளில் செயற்கை உறுப்புத் துறையில் பேர்பெற்ற பேராசிரியரானார். நியூயார்க்கில் கரீமா பேட்ஸ் என்பவர், நோயால் ஒரு காலை இழந்த பின்னர், 2012ஆம் ஆண்டு உடற்குறையுள்ளோருக்கான பாறை ஏறும் குழுவைத் தொடங்கினார்.

இவை தனிமனிதர்களின் சாதனைகளாக மட்டும் நின்றுவிடவில்லை. உடற்குறையுள்ளோருக்கான முதல் உலக வெற்றியாளர் போட்டி 2011ஆம் ஆண்டு இத்தாலியின் ஆர்கோ நகரில் நடந்தது. பார்வை, கை, கால், உடலசைவு எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டு, ஒத்த நிலையில் உள்ளோர் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். முழுமையாகப் பார்வை இழந்தோர் பிரிவில் எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டே ஏறுவார்கள். 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக்கில் இந்தப் போட்டிகள் முதன்முறையாகச் சேர்க்கப்படும் என்று 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நம் வட்டாரத்துப் பிள்ளை ஒன்று அங்கே நிற்க வேண்டுமென்றால், இப்போதே அதற்கு ஒரு கூடத்தின் கதவு திறக்க வேண்டும்.

பெரிய சாதனைகளைக் கேட்டுவிட்டு, சிறிய ஏற்பாடுகளை மறந்துவிடக்கூடாது. வாசலில் சறுக்குப்பாதை இருக்கிறதா? கழிவறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா? காது கேளாதவர் ஏறினால் கயிற்றை எத்தனை முறை இழுப்பது எந்தச் செய்தி என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார்களா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக இசையை நிறுத்தி, கூட்டத்தைக் குறைத்த அமைதி நேரம் உண்டா? இவற்றில் பல செலவே இல்லாதவை.

பெயரும் இடமும்

ஒரு தடத்தை முதலில் ஏறியவரே அதற்குப் பெயர் வைப்பது பாறை ஏறுவோரின் பழைய மரபு. அப்படி வைக்கப்பட்ட பெயர்களில் சில, பெண்களையும் கறுப்பினத்தவரையும் பழங்குடியினரையும் கேலி செய்பவையாக இருந்தன. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் எழுந்த இனப்பாகுபாட்டு எதிர்ப்பு அலையின்போது, அந்தப் பெயர்களை வழிகாட்டி நூல்களிலிருந்து நீக்கும் முயற்சி வலுத்தது. "வெறும் பெயர்தானே" என்றனர் சிலர். தன் இனத்தை இழிவுபடுத்தும் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பாறையில் ஏறச் சொன்னால் தமிழர்கள் மகிழ்ச்சியோடு ஏறுவார்களா என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வரவேற்பு என்பது ஏறுபவருக்கு மட்டும் உரியதல்ல. பாறை யாருக்குப் புனிதமானதோ, அவர்களையும் மதிக்க வேண்டும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டெவில்ஸ் டவர் பாறை பல பழங்குடியினருக்குப் புனிதத் தலம். அவர்கள் சடங்குகள் நடத்தும் ஜூன் மாதத்தில் ஏறாமல் இருக்குமாறு 1995ஆம் ஆண்டு முதல் ஏறுவோரிடம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. கட்டாயம் இல்லை, வேண்டுகோள்தான். கோயிலும் ஏறுதடங்களும் ஒரே குன்றைப் பகிர்ந்துகொள்ளும் பத்துமலைக்கும் இந்த முன்மாதிரி பொருந்தும். சிங்கப்பூரில் இயற்கைப் பாறையில் ஏற அனுமதி உள்ள இடம் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவின் பழைய கற்சுரங்கம் மட்டுமே. இடம் குறைவாக இருக்கும்போது பகிர்ந்துகொள்ளும் பண்பு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

பாதுகாப்பு குறைந்துவிடாதா?

எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் விதிகள் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நடைமுறை அதற்கு நேர்மாறானது. முடிச்சைச் சரிபார்ப்பதில் யாருக்கும் சலுகை இல்லை. பலவகை உடல்களோடு பணியாற்றப் பழகிய பயிற்றுவிப்பாளர், மற்றவர்கள் கவனிக்காததையும் கவனிப்பார். கேள்வி கேட்கத் தயங்காத சூழல் இருந்தால், "என் இடுப்புவார் சரியாக இருக்கிறதா?" என்று புதியவர் வாய்திறந்து கேட்பார். கூச்சப்பட்டு வாய் மூடியிருப்பவருக்கே ஆபத்து அதிகம்.

"விழுந்துவிட்டால்?" என்று கேட்கும் பெற்றோரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆபத்தே இல்லை என்று சொல்வது பொய். கயிறில்லா போல்டரிங்கில் மெத்தையின் மீது தவறாகக் குதித்துக் கணுக்காலில் அடிபடுவோர் உண்டு. எனவே எப்படி விழுவது என்பதையே முதல் பாடமாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரை அந்த வகுப்புக்கு அழைத்து, கயிறு எவ்வளவு எடை தாங்கும், கருவி எப்படி இறுகும் என்று காட்டலாம். அம்மாவும் ஒருமுறை இரண்டு மீட்டர் ஏறிப் பார்த்துவிட்டால், மகளைத் தடுக்கும் அச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

யார் என்ன செய்யலாம்?

கூடம் நடத்துவோர், கட்டணச் சலுகை உண்டு என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லாமல் வாசலிலேயே எழுதி வைக்கலாம். பல உயரத்தினரையும் பெண்களையும் தடம் அமைக்கப் பழக்கலாம். விளம்பரப் படத்தில் ஒரே மாதிரியான கட்டுமஸ்தான உடல்களை மட்டும் காட்டாமல், அக்காவையும் மாமாவையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் காட்டலாம்.

பள்ளிகள், உடற்கல்வி வகுப்பில் ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளைகளைச் சுவருக்கு அழைத்துவரலாம். ஓடுவதில் சோர்ந்துபோகும் பிள்ளை, யோசித்து ஏறுவதில் முந்தக்கூடும்.

ஏற்கெனவே ஏறிப் பழகியவர்கள் செய்யக்கூடியது எல்லாவற்றிலும் சிறியது, எல்லாவற்றிலும் பயனுள்ளது. சுவரோரம் தனியாக நிற்கும் புதியவரைப் பார்த்ததும் பெயரைக் கேளுங்கள். முடிச்சைச் சரிபாருங்கள். அவர் எவ்வளவு உயரம் போனாலும், இறங்கியதும் அடுத்த வாரம் எந்த நாள் வருவார் என்று கேளுங்கள். முதல் நாள் வந்தவரை இரண்டாம் நாளும் வரவைப்பது பெரும்பாலும் அந்த ஒரு கேள்விதான்.